நிலத்துக்கும் பலகைக்கும் நடுவே

மெல்பேண் நகரத்தின் பழைய பலகை வீடுகளுக்கு அடியில், நிலத்துக்கும் தரைப்பலகைக்கும் நடுவே, ஓர் ஆள் குப்புறப் படுத்து ஊர்ந்து போகக்கூடிய வெளி ஒன்று இருக்கிறது. சில வீடுகளில் அது இரண்டடி உயரம். சில வீடுகளில் ஓரடிகூட இல்லை. என் உழைப்புக் காலத்தின் பெரும்பகுதி அந்த வெளியில்தான் கழிந்தது. மேலே குடியிருப்பவர்கள் பலர் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டுக்குள் பூஞ்சண மணம் வந்தால், தரை ஒரு பக்கம் அமிழ்ந்தால், கதவு இறுகினால்தான் கீழே என்ன நடக்கிறது என்று கேட்பார்கள். இத்தனை காலத்தில் நான் கற்றதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு அடியில் ஈரத்தைப் பார்க்கலாம்; அதன் காரணத்தை வீட்டைச் சுற்றித்தான் தேட வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தேன். ஊரில் ஓடாவி வேலை தெரியும். கதவு, நிலை, யன்னல், கூரை எல்லாம் செய்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர் வீடு கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனது. அத்திவாரத்தை உயர்த்தி, உள்ளே மண் நிரப்பி இடித்து, அதன்மேல் தரை போடுவோம். தரைக்கு அடியில் வெறும் காற்றை விட்டு வீடு கட்டலாம் என்பதை இங்கேதான் பார்த்தேன்.

எனக்கு முதல் வேலை தந்தவர் ஓர் இத்தாலியர். வீட்டைத் தாங்கும் கட்டைகளை மாற்றுவதுதான் அவருடைய தொழில். இந்த ஊரில் அதை 'ரீஸ்டம்பிங்' என்பார்கள். நிலத்தில் குழி தோண்டி நட்ட கட்டைகள், அவற்றின்மேல் தீராந்திகள், தீராந்திகளுக்குக் குறுக்கே ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சட்டங்கள், அதன்மேல் தரைப்பலகை. 1890ல் கட்டிய வீடானாலும் 1930ல் கட்டிய வீடானாலும் அடிப்படை இதுதான். கட்டைகள் பெரும்பாலும் 'ரெட் கம்' என்ற செந்நிற யூக்கலிப்டஸ் மரம். ஆற்றங்கரையில் வளரும் அந்த மரம் ஈர மண்ணுக்குள் ஐம்பது அறுபது ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது, இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் கட்டிய வீடுகளின் கட்டைகள் ஊரெங்கும் ஒரேயடியாகத் தவணை முடிந்து கொண்டிருந்தன. அதனால் எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை.

அவர் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம் ஒரு திருப்புளியோடு வந்தது. கட்டையின் மேல்பகுதியைக் குத்திப் பார்க்காதே என்பார். அது எப்போதும் உறுதியாகத்தான் இருக்கும். நிலமட்டத்துக்கு இரண்டு விரல் கீழே மண்ணை விலக்கிவிட்டு அங்கே குத்திப் பார் என்பார். அப்படியே செய்வேன். மேலே இரும்பாக இருந்த கட்டைக்குள் திருப்புளி பிடிவரைக்கும் இறங்கும். மரத்தைத் தின்னும் பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மண்ணுக்கு ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மேலே காற்று உண்டு, ஈரம் குறைவு. இரண்டும் சேர்ந்து கிடைப்பது நிலமட்டத்தில். அங்கேதான் கட்டை இடுப்பு மெலிந்து உக்கும். இதை விளங்கிக்கொண்ட பிறகு கீழே போகிற ஒவ்வொரு தடவையும், இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது, இந்தக் காற்று எங்கே நின்றுபோனது என்ற இரண்டு கேள்விகளோடுதான் போனேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் தனியாகத் தொழில் தொடங்கினேன். அந்தக் காலத்தில் நோர்த்கோட் பக்கம் பார்த்த ஒரு வீடு இன்றும் என் மனதில் நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் மரக்கட்டைகளை எல்லாம் அகற்றிக் கொங்கிறீற் கட்டைகள் போட்டிருந்தார்கள். பெருந்தொகை செலவு. ஆனாலும் முன்னறையில் மணம் போகவில்லை. அலுமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளிகள். கீழே போய்ப் பார்த்தேன். கட்டைகளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவற்றைச் சுற்றி நிலம் களியாகக் கிடந்தது. முன்மூலையில் கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாய் நிலத்துக்குள் போகும் இடத்தில் பழைய சுட்டமண் குழாய் ஒன்று இருந்தது. ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து ஊற்றச் சொல்லிவிட்டு நான் கீழே படுத்திருந்தேன். சிறிது நேரத்தில் அத்திவாரக் கல்லின் இடுக்கால் தண்ணீர் என் பக்கம் வந்தது. மரவேர் நுழைந்து வெடித்த குழாய் அது. கூரையின் கால்பங்கு மழை ஆண்டாண்டாக வீட்டுக்கு அடியில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டை மாற்றியவர்கள் கட்டையை மட்டும் பார்த்தார்கள். பிளம்பர் ஒருவரைக் கூப்பிட்டு அந்தக் குழாயைப் புதுப்பித்தோம். அடுத்த கோடையில் நிலம் காய்ந்தது. மணமும் போய்விட்டது.

அந்தப் பக்கத்து மண்ணையும் சொல்ல வேண்டும். மெல்பேணின் மேற்கிலும் வடக்கிலும் எரிமலைக் குழம்பு இறுகிய பாறை உண்டு. அதன்மேல் கிடக்கும் களிமண் ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் வெடித்துச் சுருங்கும். கிழக்கே, பொக்ஸ் ஹில் பக்கம், மேலே மெல்லிய வண்டல், கீழே இறுகிய களி. மழைநீர் களிக்குள் இறங்காமல் அதன் முதுகில் சரிவோடு ஓடி, வழியில் எந்த வீட்டின் அடி தாழ்ந்திருக்கிறதோ அங்கே தேங்கும். தெற்கே கடலோரம், சண்ட்றிங்ஹாம் பக்கம் மணல். அங்கே ஊற்றிய தண்ணீர் நின்று முகம் காட்டாது. மூன்று இடத்துக்கும் ஒரே மருந்து சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றைக் கெடுத்தது பின்னால் சேர்த்த கட்டடம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பழைய வீட்டின் பின்பக்கத்தை இடித்துப் பெரிய குசினியும் இருப்பறையும் கட்டும் வழக்கம் வந்தது. புதுப்பகுதியை நிலத்தில் கொங்கிறீற் தளம் ஊற்றிக் கட்டினார்கள். அப்போது பழைய வீட்டின் பின்சுவரில் இருந்த காற்றுத் துளைகள் அத்தனையும் தளத்துக்குப் பின்னால் மறைந்துபோயின. முன்னால் துளை இருக்கும், பின்னால் இல்லை. காற்று உள்ளே வரும், வெளியே போக வழி இருக்காது. ஒரு குளிர்காலக் காலையில் இப்படிப்பட்ட வீட்டின் கீழே ஊர்ந்துபோனால், முன்பக்கத்துச் சட்டங்கள் காய்ந்து தூசியாக இருக்கும். கொங்கிறீற் தளத்தை நெருங்க நெருங்க மரம் கறுத்து, வெள்ளைப் பூஞ்சண நூல்கள் ஓடி, கடைசியில் கையால் பிய்க்கலாம் போலிருக்கும்.

பழைய வீடுகளின் சுட்டமண் துளைக்கற்கள் பார்க்க அழகானவை. ஆனால் அவற்றில் காற்றுப் போகும் இடைவெளி மிகச் சிறியது. பிறகு பூசிய வர்ணமும் சிலந்தி வலையும் அதையும் அடைத்துவிடும். இன்றைய கட்டட விதி, வீடு இருக்கும் பகுதியின் ஈரப்பதத்தைப் பொறுத்துச் சுவரின் ஒவ்வொரு மீற்றருக்கும் 2000 முதல் 6000 சதுர மில்லிமீற்றர் வரை காற்றுவழி கேட்கிறது. மூலையிலிருந்து 600 மில்லிமீற்றருக்குள் ஒரு துளை இருக்க வேண்டும் என்கிறது. மூலையில்தான் காற்று தங்கிப்போகும் என்பதால் அந்த விதி. பழைய துளைக்கற்களை மாற்றியதாலேயே காய்ந்துபோன வீடுகள் உண்டு. பின்தளம் அடைத்த வீடுகளுக்குப் பக்கச் சுவர்களில் புதுத்துளை வெட்டுவேன். அதுவும் போதாவிட்டால்தான் காற்றாடி.

காற்றாடியைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஈரம் என்றால் உடனே நேரம் வைத்த மின்காற்றாடி ஒன்றை மாட்டிவிட்டுப் போகும் வழக்கம் பெருகியது. காற்றாடி நல்ல கருவிதான். ஆனால் உள்ளே வர வழியில்லாத காற்றை எந்தக் காற்றாடியாலும் வெளியே தள்ள முடியாது. தேங்கிய தண்ணீர் இருக்கும்போது அதை ஓடவிட்டால் மின்கட்டணம் ஏறும், ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். நியூசிலாந்தின் கட்டட ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். 100 சதுர மீற்றர் வீட்டின் அடியில் ஈரநிலம் திறந்து கிடந்தால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 40 லீற்றர் தண்ணீர் ஆவியாகி மேலெழும். வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் கண்ணை விரிப்பார்கள். நிலத்தில் தடித்த பொலித்தீன் விரித்து, மடிப்புகளை ஒட்டி, கட்டைகளைச் சுற்றி இறுக்கினால் அந்த ஆவியைப் பெருமளவு தடுக்கலாம். ஆனால் தண்ணீர் ஓடிவரும் வழியை அடைத்த பிறகுதான் பொலித்தீன். தேங்கிய நீரின்மேல் விரித்தால் அது ஈரத்தை ஒளித்துவைக்கும்.

கெம்பர்வெல் பக்கம் வயதான ஒரு அம்மா தனியாக இருந்தார். படுக்கையறை மூலை அமிழ்கிறது, கட்டை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். சுற்றிப் பார்த்தேன். அந்தச் சுவரோரம் முழுக்க ரோசாச் செடிகள். ஆண்டாண்டாகப் போட்ட எருவும் மண்ணும் சேர்ந்து பாத்தி உயர்ந்து, சுவர்ப்பலகையின் கீழ்வரிசை இரண்டையும் மூடியிருந்தது. காற்றுத் துளைகள் மண்ணுக்குள். அதோடு மாலைதோறும் தண்ணீர் பாய்ச்சும் தெளிப்பான். கட்டை மாற்ற வேண்டியதில்லை, செடிகளைத்தான் மாற்ற வேண்டும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அவை கணவர் நட்ட செடிகள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து நிற்கும்போது வேரோடு எடுத்து நட்டால் பிழைக்கும் என்பதை அவரே எனக்குச் சொன்னார். யூலை மாதம் நானும் என் உதவியாளும் போய், அவர் காட்டிய இடத்தில் ஒவ்வொன்றாக நட்டோம். பாத்தி மண்ணை வெட்டி எடுத்து, நிலத்தைச் சுவரிலிருந்து வெளியே சரியச் செய்தோம். உக்கிய ஒரு தீராந்தி முனையை மட்டும் மாற்றினோம். அவர் எதிர்பார்த்த செலவில் சிறுபங்குதான் ஆனது. தொழிலில் நல்ல பெயர் வாங்கித் தருவது செய்யாமல் விட்ட வேலைதான் என்பதை அந்த வீட்டில் உணர்ந்தேன். அந்தத் தெருவில் பிறகு எனக்கு வேலை ஓயவில்லை.

அடுத்து வந்தது வறட்சி. 1997ல் தொடங்கி 2009 வரை நீண்ட அந்த வறட்சியை இங்கே 'மிலேனியம் வறட்சி' என்பார்கள். 2007ல் புல்தரைக்குத் தண்ணீர் விடவே தடை. களிமண் சுருங்கி, வீடுகள் கோணலாகி, சுவர்களில் வெடிப்பு ஓடியது. ஈரம் என்று கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். அந்த ஆண்டுகளில்தான் ஊரெங்கும் சுவரோரம் கொங்கிறீற் பாதைகளும் கல் பதித்த முற்றங்களும் மரத்தளங்களும் பெருகின. மழை இல்லாத காலத்தில் போட்டதால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒருவரும் பார்க்கவில்லை. மண் சுருங்கியபோது நிலத்துக்கடியில் பழைய குழாய்களின் பொருத்துகள் விலகியதையும் ஒருவரும் பார்க்கவில்லை. 2010 கடைசியில் மழை திரும்பியது. 2011 பெப்ரவரியில் வெள்ளமாகவே கொட்டியது. பதின்மூன்று ஆண்டுகள் செய்துவைத்த பிழைகள் அத்தனையும் ஒரே கோடையில் வெளியே வந்தன. 2020 முதல் 2022 வரை தொடர்ந்து மூன்று ஆண்டு மழை பெய்து, 2022 ஒக்ரோபரில் மரிபிர்னோங் ஆறு பெருகியபோதும் இதையே பார்த்தேன். காய்ந்த காலத்தில் செய்கிற வேலையை ஈரக் காலத்தை நினைத்துச் செய்ய வேண்டும் என்று என்னோடு வேலை செய்யும் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அந்த ஈரக் காலத்தில் எங்கள் சமூகத்துப் பிள்ளைகள் ஒரு சோடி, பொக்ஸ் ஹில்லுக்கு மேலே ஒரு பழைய வீடு வாங்கியிருந்தார்கள். அந்தத் தம்பி தொலைபேசியில் பதறினார்.

"அண்ணை, தரை எழும்பிக்கொண்டு வருது. போன வருசம்தான் தேய்ச்சு மினுக்கினது. பலகை பழுதாப் போச்சாக்கும்?"

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பலகையும் ஓரங்கள் உயர்ந்து நடு பள்ளமாகியிருந்தது. மேல்பக்கம் வார்னிஷ் பூசியது, காய்ந்திருந்தது. கீழ்ப்பக்கம் ஈரத்தை உறிஞ்சிப் பருத்திருந்தது. ஈரமானியை வைத்தால் கீழே 20 சதவீதத்தைத் தாண்டிக் காட்டியது. வீட்டுக்குள் காய்ந்த பலகையில் இந்த ஊரில் பத்து, பன்னிரண்டுதான் இருக்கும்.

"பலகையிலை பிழையில்லைத் தம்பி. பின்முற்றத்துக்குக் கல் பதிச்சது ஆர்? தண்ணி எல்லாம் வீட்டைப் பாத்துத்தான் ஓடுது."

முற்றத்தை உயர்த்திக் கல் பதித்ததில் துளைகள் பாதி மூடியிருந்தன. சரிவு வீட்டுப் பக்கம். மேலே அயல்வீட்டுச் சரிவிலிருந்தும் நீர் களிமண்ணின் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. தரையை மினுக்கியவர் மறுபடியும் தேய்த்து மட்டமாக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதைச் செய்ய வேண்டாம் என்று தடுத்தேன். ஈரத்தில் உயர்ந்த ஓரத்தைத் தேய்த்துவிட்டால், பலகை காய்ந்தபின் ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். அதற்குப் பிறகு பழைய வடிவம் வராது. முதலில் தண்ணீரை நிறுத்துவோம், ஒரு கோடை போகட்டும் என்றேன். கோடை முடியப் பலகைகள் பெரும்பாலும் தாமாகவே பழையபடி இறங்கிவிட்டன.

அந்த வீட்டில் செய்த வடிகால்தான் சரிவில் நிற்கும் வீடுகளுக்கு நான் சொல்லும் வழி. வீட்டின் மேட்டுப்பக்கம், கட்டைகளின் அடியைத் தோண்டிவிடாத தூரத்தில், களிமண்ணுக்குள் இறங்கும்வரை நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டுவோம். அதில் வடிதுணி விரித்து, கீறல் துளைகள் உள்ள 100 மில்லிமீற்றர் குழாயை வைத்து, சுற்றிவரச் சல்லிக்கல் நிரப்பித் துணியை மடித்து மூடுவோம். வயல் வடிகாலுக்கு வந்த குழாய் என்பதால் இங்கே அதை 'அக் பைப்' என்பார்கள். நூறு அடிக்கு ஓரடியாவது சரிவு வேண்டும். மேல்முனையில் கழுவிவிட ஒரு வாய், கீழ்முனையில் சேறு தங்க ஒரு தொட்டி, அங்கிருந்து கவுன்சில் காட்டிய மழைநீர் இணைப்புக்கு மூடிய குழாய். இந்தக் கடைசித் துண்டு இல்லாத வடிகால்களை எத்தனையோ தோண்டி எடுத்திருக்கிறேன். முற்றத்து நீரை எல்லாம் அழகாகக் கூட்டிவந்து வீட்டு மூலையில் முடிந்துவிடும் குழாய்கள் அவை. போக வழியில்லாத வடிகால் வீட்டுக்கு அடியில் குளம் வெட்டியதற்குச் சமம். வீதி மட்டத்தைவிட வீடு தாழ்ந்திருந்தால் குழிக்குள் பம்ப் வைக்க வேண்டும். மின்சாரம் போகும் இரவில்தான் பெருமழை வரும் என்பதை நினைத்து அதையும் திட்டமிட வேண்டும்.

அயலவர் தண்ணீர் என்றதும் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. இயல்பாகச் சரிவில் இறங்கும் நீர் வேறு. ஒருவர் கட்டிய பாதையாலோ உடைந்த குழாயாலோ பக்கத்துக் காணிக்குள் பாயும் நீர் வேறு. இரண்டாவதற்கு விக்ரோறியாவின் 1989ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தில் பொறுப்புச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நான் முதலில் வேலியடியில் இரண்டு வீட்டாரையும் மழை நேரத்தில் கூட்டி நிற்கவைத்துத் தண்ணீரைக் காட்டுவேன். கண்ணால் கண்ட பிறகு பெரும்பாலோர் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள்.

தொழில் வெகுவாக மாறிவிட்டது. முன்பு ஒரு ரோர்ச்சும் திருப்புளியும் போதும். இப்போது லேசர் மட்டம், குழாய்க்குள் ஓடும் கமரா, ஈரமானி எல்லாம் உண்டு. கட்டை மாற்றக் கட்டட அனுமதி வேண்டும், மழைநீர்க் குழாயை உரிமம் பெற்ற பிளம்பர்தான் போட வேண்டும். இவை நல்ல மாற்றங்கள். பழைய காலத்தில் கட்டியவர்கள் மிச்சத் துண்டுகளை எல்லாம் கீழேயே எறிந்துவிடுவார்கள். மரத்துண்டு கறையானைக் கூப்பிடும். அஸ்பெஸ்டோஸ் தகட்டுத் துண்டு மூச்சுப்பையைக் கெடுக்கும். அஸ்பெஸ்டோசை முழுமையாகத் தடைசெய்தது 2003 கடைசியில்தான். அதற்கு முன் எத்தனையோ பேர் முகமூடி இல்லாமல் அந்தத் தூசிக்குள் ஊர்ந்தோம். என்னோடு வேலை செய்கிற பிள்ளைகளை இன்று முகமூடி இல்லாமல் ஒரு நொடியும் கீழே விடமாட்டேன்.

கருவிகள் வந்தாலும் வரிசை மாறவில்லை. முதலில் கூரைநீர்: பீலி, இறங்கு குழாய், நிலத்தடிக் குழாய். அடுத்தது வீட்டு நீர்: குளியலறைக் கசிவு, சுடுநீர்த் தாங்கியின் சொட்டு, குளிரூட்டியின் வடிநீர். அடுத்தது நிலத்தின் சரிவு. பிறகு வடிகால். பிறகு காற்று. மரத்தில் கைவைப்பது கடைசியில். இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதலில் கட்டையையும் பலகையையும் மாற்றுகிறவர்கள், பத்து ஆண்டில் அதே வேலைக்குத் திரும்பி வருவார்கள்.

நூறு ஆண்டுக்கு முன் இந்த வீடுகளைக் கட்டியவர்கள், நிலம் நனையும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் கட்டினார்கள். நனைந்த நிலம் காய்வதற்குக் காற்றை விட்டுவைத்தார்கள். அந்தக் காற்றைப் பாதையாலும் பாத்தியாலும் தளத்தாலும் அடைத்தது பின்னால் வந்த நாம்தான். ஆகவே பழைய வீடு வாங்கியவர்களுக்கு நான் சொல்வது இது. அறிக்கைக்கும் விலைமனுவுக்கும் ஓடுவதற்கு முன், அடுத்த பெருமழை பெய்யும்போது குடையோடு வெளியே போங்கள். பீலி எங்கே வழிகிறது, முற்றத்து நீர் எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தத் துளை மண்ணுக்குள் போயிருக்கிறது என்று வீட்டை ஒருமுறை சுற்றிவந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிட்டால், எங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும். உங்கள் செலவிலும் பெரும்பகுதி மிஞ்சும்.